சிரிக்கச் சொல்லும் வேலை

எங்கள் வீட்டில் கதவு போட்ட அறை ஒன்றுதான். முன்னால் விறாந்தை, அதைத் தாண்டினால் சாப்பாட்டு மேசையும் தொலைக்காட்சியும் இருக்கும் இடம், பின்னால் குசினி. இவற்றுக்கு இடையில் சீலைதான் தொங்கும். படுக்கையறைக்கு மட்டும் கதவும் தாழ்ப்பாளும் உண்டு. வீட்டிலிருந்து வேலை செய்பவர்கள் இனிமேல் பூட்டிய அறைக்குள்தான் இருக்க வேண்டும் என்று கொம்பனி அறிவித்தபோது, அந்த ஒரு கதவால் என் வேலை தப்பியது.

வேலை என்னவென்று சொல்ல வேண்டும். கிரிப்டோ நாணயங்களை வாங்கவும் விற்கவும் வைத்திருக்கவும் ஒரு வெளிநாட்டுத் தளம். அதில் கணக்கு வைத்திருப்பவர்களுக்குச் சிக்கல் வந்தால் உதவி செய்ய ஆட்கள் வேண்டும். கொழும்பில் ஒரு கொம்பனி எங்களைப் போன்றவர்களை அதற்காகச் சேர்த்திருந்தது. பாஸ்வேர்டை மறந்தவர்கள், போனைத் தொலைத்தவர்கள், கணக்குக்குள் யாரோ நுழைந்துவிட்டார்கள் என்று பதறுகிறவர்கள் எல்லோரும் எங்களிடம்தான் வருவார்கள். எனக்கு ஒரு வெள்ளைக்காரப் பெயர் தந்திருந்தார்கள். அந்தப் பெயரில் எழுதுவேன், அந்தப் பெயரில் கதைப்பேன். என்னிடம் அந்த நாணயத்தில் ஒன்றுகூடக் கிடையாது.

அதற்கு முன் நான் வீட்டில் ஆங்கில ரியூஷன் கொடுத்துக்கொண்டிருந்தேன். கணவர் படகு எஞ்சின் திருத்துகிறவர். உட்துறைமுக வீதியிலிருந்து இறங்கும் ஒழுங்கையில் எங்கள் வீடு, அதே ஒழுங்கையின் கடற்கரைப் பக்கத்து முனையில் அவருடைய பட்டறை. மகள் படிக்க யாழ்ப்பாணம் போன அந்த வருடத்தில்தான் இந்த வேலை கிடைத்தது. ஆரம்பத்தில் சாப்பாட்டு மேசையில் லப்டொப்பை வைத்துக்கொண்டு வேலை செய்தேன். ஒரு பக்கம் அடுப்பில் சோறு கொதிக்கும், வாசலில் மீன்காரர் கூப்பிடுவார், யாரோ ஒருவருடைய பூட்டிய கணக்கை நான் திறந்து கொடுத்துக்கொண்டிருப்பேன். வேலை முடிந்தால் கடற்கரைக்குப் போய்க் காற்று வாங்கிவிட்டு வருவேன். அது சுகமான காலம்.

பிறகு களவு நடந்தது.

கள்ளர்கள் எந்தச் சுவரையும் உடைத்து வரவில்லை. எங்களில் ஒருவரின் வழியாக வந்தார்கள். அவர் கண்டியில் வீட்டிலிருந்து வேலை செய்தவர். எனக்கு அவருடைய குரல் தெரியும், முகம் தெரியாது. தொழில்நுட்பப் பகுதியிலிருந்து பேசுவதாகச் சொல்லி ஒருவன் அவருக்குப் போன் எடுத்திருக்கிறான். நல்ல சிங்களம். அவசரமே படவில்லையாம். இன்றைக்கு ஒரு கதை, நாளைக்கு ஒரு கதை, அம்மாவுக்குச் சுகமா, மழையா வெயிலா என்று கேட்டுப் பழகியிருக்கிறான். ஒரு நாள், 'உன் போனுக்கு ஒரு கேள்வி வரும், ஓம் என்று அமத்திவிடு, சிஸ்டத்தைச் சரிபார்க்கிறோம்' என்றானாம். அவர் அமத்திவிட்டார். அதன் பிறகு அவர் பெயரில் உள்ளே புகுந்தவர்கள் வாடிக்கையாளர்களுடைய கணக்குகளில் பாஸ்வேர்டுக்கு மேல் போட்டிருந்த இரண்டாவது பூட்டுகளை ஒவ்வொன்றாகக் கழற்றி, உள்ளே இருந்ததை எடுத்துக்கொண்டு போய்விட்டார்கள்.

அடுத்த நாள் காலையில் எங்கள் எல்லோருடைய திரையும் கறுப்பாகிக் கிடந்தது. கண்டிக்காரரின் பெயர் எங்கள் குழுவிலிருந்து காணாமல் போயிருந்தது. அவருக்கு என்ன நடந்தது என்று கேட்டோம். யாரும் பதில் சொல்லவில்லை.

மீண்டும் திறந்தபோது எல்லாம் மாறியிருந்தது. வாடிக்கையாளர்களுக்குப் புதுப் பூட்டுகள். போனுக்குக் குறுஞ்செய்தியாக இலக்கம் அனுப்பும் முறை நின்றது, ஏனென்றால் சிம்மையே களவெடுக்கிறார்கள். அதற்குப் பதிலாக, கணத்துக்குக் கணம் மாறும் இலக்கத்தைக் காட்டும் செயலி. புதிய இடத்துக்குப் பணம் அனுப்புவதென்றால் சில நாட்கள் காத்திருக்க வேண்டும். எல்லாவற்றுக்கும் மேலாக, ஒவ்வொருவரும் தன் முகத்தைக் கமராவுக்குக் காட்டித் தான்தான் என்று நிரூபிக்க வேண்டும். நேரே பார், இடம் திரும்பு, வலம் திரும்பு, கண்ணைச் சிமிட்டு, சிரி. படத்தையோ, கணினி செய்த பொய் முகத்தையோ காட்டி ஏமாற்றாமல் இருக்கத்தான் அந்தச் சிமிட்டலும் சிரிப்பும். இயந்திரம் ஏற்காதவர்களை மனிதர் ஒருவர் வீடியோவில் பார்க்க வேண்டும். பொறுமையாகக் கதைப்பேன் என்று அந்த வேலைக்கு என்னைப் போட்டார்கள். திரையில் எனக்கு அவர்களுடைய முகம் தெரியும், அவர்களுக்கு என் குரல் மட்டும் கேட்கும்.

எங்களுக்கும் பூட்டுகள் வந்தன. கதவை உள்ளே தாழிட வேண்டும். யன்னலை மூட வேண்டும். போன் அறைக்கு வெளியே. மேசையில் பேனை, கடதாசி எதுவும் கூடாது. தபாலில் வந்த ஒரு சின்னச் சாவியை லப்டொப்பில் செருகி, விரலால் தொட்டால்தான் உள்ளே போகலாம். வேலை நேரம் முழுவதும் கமரா என்னைப் பார்த்துக்கொண்டிருக்கும். என் முகத்தைத் தவிர இன்னொரு முகம் தெரிந்தால் திரை தானே பூட்டிக்கொண்டு மேலிடத்துக்கு அறிக்கை போகும். ஆங்கிலம் தவிர வேறு எந்த மொழியிலும் வாடிக்கையாளரோடு ஒரு சொல்லும் கதைக்கக் கூடாது. கண்டிக்காரர் தாய்மொழியில்தான் ஏமாந்தார் என்று காரணம் சொன்னார்கள்.

எந்தச் சட்டத்திலும் நான் பிழை காணவில்லை. வீட்டில் கள்ளன் புகுந்தால் யாரும் கதவைப் பலமாகத்தான் போடுவார்கள். ஆனால் யன்னலுக்குக் கறுப்புத் துணி அடித்த அன்று, கடற்காற்று நின்ற அந்த நிமிடமே எனக்கு மூச்சு முட்டியது. ஃபேன் சத்தம் வாடிக்கையாளருக்குக் கேட்கிறது என்று அதையும் குறைத்து வைக்கச் சொன்னார்கள். மத்தியானத்தில் தொடங்கி இருட்டும் வரை அந்தப் புழுக்கத்துக்குள் இருப்பேன். வியர்வையைத் துடைக்கக் கையை உயர்த்தினால், கமராவுக்கு அது எப்படித் தெரியுமோ என்று நினைப்பு வரும். கொஞ்ச நாளில் துடைப்பதையும் விட்டேன்.

ஒரு நாள் தாழ்ப்பாளைச் சரியாகப் போடவில்லை. கணவர் எஞ்சின் எண்ணெயில் குளித்துப்போய் வந்தவர், மாற்றிக் கட்டுவதற்கு அலுமாரியில் சாரம் எடுக்கக் கதவைத் தள்ளிவிட்டார். திரை அந்தக் கணமே பூட்டிக்கொண்டது.

"ஐயோ, ஏன் வந்தனீங்கள்?"

"சாரம் எடுக்க வந்தனான். என்ர வீட்டு அலுமாரிதானே?"

"உங்கட முகம் பட்டிட்டுது. பூட்டிட்டுது."

அவர் அப்படியே நின்றார். கை இரண்டும் கறுப்பு. பிறகு திரையைப் பார்க்காமல், சாரத்தையும் எடுக்காமல், பின்பக்கமாகவே நடந்து வெளியே போனார். அன்று முதல் தன் உடுப்புகளைக் குசினிக்குப் பின்னாலிருந்த கொடியில் தொங்க வைத்தார். மழை வந்தால் அவை அடுப்புக்கு மேலே வரும். அவருடைய சேர்ட்டெல்லாம் தாளித்த மணம்.

குடாவுக்கு அந்தப் பக்கம் கட்டைபறிச்சானில் இருக்கும் மச்சாள் ஒரு முறை கடல் தாண்டித் தயிர்ச் சட்டியோடு வந்தா. நான் வேலையில் இருந்தேன். மச்சாள் கதவுக்கு வெளியே கதிரையைப் போட்டுக்கொண்டு இருந்து, ஊர்க் கதையெல்லாம் சொன்னா. என்னால் ஓம் என்றுகூடச் சொல்ல முடியவில்லை, மைக் திறந்திருந்தது. கடைசியில் கதவில் தட்டி, "உள்ளுக்கு ஆள் இருக்கோ, இல்லையோ?" என்றா. நான் வெளியே வந்தபோது தயிர்ச் சட்டி மட்டும் மேசையில் இருந்தது. பிறகு நான் போன் எடுத்தாலும் மச்சாள் இரண்டு சொல்லோடு வைத்துவிடுவா.

இப்படிப் போய்க்கொண்டிருந்த நாட்களில்தான் அந்த ஐயா வந்தார்.

அறுபது தாண்டியவர். குளிர் நாடொன்றில் இருப்பவர். பழைய பதிவில் இருந்த படத்தில் மீசையும் விறைப்பான முகமுமாக இருந்தார். இயந்திரம் அவரைத் திரும்பத் திரும்ப மறுத்திருந்தது. முகம் பொருந்தவில்லை, சிரிப்பு இல்லை. வீடியோ திறந்தபோது காரணம் விளங்கியது. முகத்தின் ஒரு பாதி அப்படியே தொய்ந்து கிடந்தது. ஒரு கண் சரியாக மூடவில்லை. கம்பளித் தொப்பி போட்டிருந்தார். பக்கத்தில் அவருடைய மனைவி, பாதி திரைக்குள், பாதி வெளியே.

நான் வழக்கம்போல ஆங்கிலத்தில் தொடங்கினேன். நேரே பாருங்கள். பார்த்தார். திரும்புங்கள். மனைவி தோளைத் தொட்டுக் காட்டத் திரும்பினார். கண்ணைச் சிமிட்டுங்கள். ஒரு கண் மட்டும் மூடியது. சிரியுங்கள் என்றேன்.

"இப்ப சிரிக்கட்டாம்," என்று அந்த அம்மா தமிழில் சொன்னா.

அந்தத் தமிழைக் கேட்டதும் என் கை விசைப்பலகையில் அப்படியே நின்றுவிட்டது. எங்கள் பகுதித் தமிழ், வெருகல் பக்கத்து ஆட்கள் கதைக்கிற தமிழ்.

"சிரிங்க. பல்லுத் தெரியச் சிரிங்க."

"சிரிக்கிறன்தானே," என்றார் அவர்.

"இல்ல. ஒரு பக்கம்தான் சிரிக்குது."

அவர் இன்னும் முயன்றார். நல்ல பக்கம் மேலே ஏறியது, மற்றப் பக்கம் அசையவில்லை. வாயோரம் எச்சில் வழிந்தது. அந்த அம்மா ஒரு லேஞ்சியால் அதைத் துடைத்துவிட்டா. என் திரையில் சிரிப்புக்கான பெட்டி சிவப்பாகவே இருந்தது.

இப்படியானவர்களுக்கு ஒரு வழி இருந்தது. நோயால் முகம் மாறிவிட்டது என்று டொக்டர் கடிதம் ஒன்றைக் குறித்த காலத்துக்குள் அதே கோப்பில் சேர்த்தால், இன்னொரு குழு பார்த்து முகத்தைப் புதிதாகப் பதியும். சேர்க்காவிட்டால் கோப்பு மூடப்படும், கணக்கு மாதக்கணக்கில் பூட்டிக் கிடக்கும். நான் அதை ஆங்கிலத்தில் சொன்னேன். மெதுவாகச் சொன்னேன். சொற்களை மாற்றிச் சொன்னேன்.

"லெட்டர்? பேங்க் லெட்டர்?" என்று கேட்டா அந்த அம்மா.

இல்லை, டொக்டருடைய கடிதம், மருத்துவச் சான்றிதழ் என்றேன் ஆங்கிலத்தில்.

"மருந்தக் கேட்கிறா போல," என்று கணவரிடம் சொல்லிவிட்டு எழும்பிப் போனா. திரும்பி வந்து மாத்திரைப் பெட்டிகளை ஒவ்வொன்றாகக் கமராவுக்குக் கிட்டப் பிடித்துக் காட்டினா. நான் இல்லை, இல்லை என்று சொல்லச் சொல்ல, அடுத்த பெட்டியை எடுத்தா. பெட்டிகள் முடிந்ததும் கையை மடியில் வைத்துக்கொண்டா.

"இந்தப் பிள்ளைக்கு எங்கட வருத்தம் விளங்காது. மெசின் மாதிரியே கதைக்கிறா."

"விடு," என்றார் அவர். "என்னக் கள்ளனெண்டு நினைக்கிறாங்க. வச்சிட்டு வா."

அவருடைய விரல் திரையை நோக்கி வந்தது. கமரா என்னைப் பார்த்துக்கொண்டிருந்தது, கதவு பூட்டியிருந்தது, யன்னல் மூடியிருந்தது. அந்தக் கடிதம் ஒன்று போதும் என்பதை அவர்களுக்கு விளங்கும் மொழியில் சொல்ல எனக்கு அனுமதி இல்லை.

"ஐயா, வைக்காதேங்கோ," என்றேன்.

விரல் நின்றது. இருவரும் திரையையே பார்த்தார்கள்.

"மருந்துப் பெட்டி வேண்டாம். உங்களப் பார்க்கிற டொக்டரிட்ட ஒரு கடிதம் வாங்குங்கோ. இந்த வருத்தத்தால முகம் இப்படி மாறிட்டுது எண்டு அவர் எழுதிக் கையெழுத்து வைக்கோணும். அதைப் படமெடுத்து, உங்களுக்கு இப்ப வாற ஈமெயிலுக்க இருக்கிற இடத்தில போடுங்கோ. பிந்தக் கூடாது. விளங்கினதோ?"

"ஓம்," என்றார் அவர், குழந்தை மாதிரி.

அந்த அம்மா லேஞ்சியால் தன் கண்ணைத் துடைத்தா. "மனே, நீங்க எந்த ஊர்?"

எங்கள் பக்கத்தில் ஆணோ பெண்ணோ தன்னிலும் இளையவர்களை அப்படித்தான் கூப்பிடுவார்கள். என் சின்னம்மா என்னை அப்படித்தான் கூப்பிட்டா. நான் ஊரைச் சொல்லவில்லை. "வேறு ஏதாவது உதவி தேவையா, மடம்?" என்று ஆங்கிலத்தில் கேட்டேன். வேறு யாரோ லைனில் வந்துவிட்டதுபோல அந்த அம்மா விழித்தா. நான் கோலை முடித்தேன்.

அன்று வேலை முடியுமுன்பே சாவி இயங்காமல் போனது. விரலால் தொட்டுத் தொட்டுப் பார்த்தேன். அடுத்த நாள் காலை விசாரணை என்று செய்தி வந்தது.

விசாரித்தவர்கள் இருவர். ஒருவர் கொழும்பில் என் மேலதிகாரி, எனக்குப் பிடித்த ஒரு சிங்களப் பெண். மற்றவர் வெளிநாட்டில், கமராவை மூடி வைத்திருந்தார், குரல் மட்டும் வந்தது. எல்லாம் ஆங்கிலத்தில்.

அந்தத் தம்பதியை எனக்கு முன்பே தெரியுமா என்று அந்தக் குரல் கேட்டது. தெரியாது என்றேன். வெளிநாட்டில் எத்தனை உறவினர்கள், யார் யார், கடைசியாக எப்போது பேசினேன். சொன்னேன். என் கணவருக்கு என் பாஸ்வேர்ட் தெரியுமா. தெரியாது. ஏமாற்றுக்காரர்கள் எப்படி வருவார்கள் என்று பயிற்சியில் காட்டிய உதாரணம் நினைவிருக்கிறதா என்று கேட்டார். நினைவிருந்தது. வயதான தம்பதி, நோய், கண்ணீர், தாய்மொழி. என் ஆங்கில உச்சரிப்பைக் கேட்டாலே நான் எந்த நாடு என்று கண்டுபிடிக்கலாம், அதற்கேற்ற ஆட்களை ஏற்பாடு செய்யலாம் என்றார்.

"அவர்கள் உண்மையானவர்கள் என்று உங்களுக்கு எப்படித் தெரியும்?"

தெரியாது என்றேன்.

பிறகு, வீட்டைக் காட்டச் சொன்னார்கள். லப்டொப்பைக் கையில் ஏந்திக்கொண்டு நடந்தேன். கட்டில், அலுமாரி, மேசை, சுவாமிப் படம். குசினிக்குள் போனபோது கணவர் தேத்தண்ணி ஊற்றிக்கொண்டிருந்தார். என்னையும் லப்டொப்பையும் கண்டதும் கேத்தலை வைத்தார். காலைச் சேர்த்து நேராக நின்று, சேர்ட் பையிலிருந்து அடையாள அட்டையை எடுத்து முன்னால் நீட்டினார். யாரும் கேட்கவில்லை. அந்தக் கை தானாகவே செய்தது.

எங்கள் வயதுக்காரருக்கு அது உடம்பில் ஊறியது. நான் சின்னப் பிள்ளையாக இருந்தபோது, சண்டைக் காலத்தில், ஆமி ஊரைச் சுற்றிவளைத்தால் எல்லோரையும் பள்ளிக்கூட மைதானத்துக்குக் கூப்பிடுவார்கள். ஆம்பிளைகள் வரிசையாக ஒரு வாகனத்தைத் தாண்டி நடக்க வேண்டும். உள்ளே, ஆட்களைக் காட்டிக்கொடுப்பதற்கு, முகத்தைச் சாக்கால் மூடிய ஒருவன் இருப்பான். அவன் தலையாட்டினால் அந்த ஆளை இழுத்துக்கொண்டு போவார்கள். அப்பா அந்த வாகனத்துக்கு முன்னால் நின்றது எனக்கு நினைவிருக்கிறது. அம்மா என் கையை இறுக்கியதில் நகம் பதிந்தது. சாக்கு அசையவில்லை. அப்பா வந்து எங்களோடு இருந்தார்.

கணவர் அட்டையை நீட்டிக்கொண்டு நிற்க, எனக்கு முதலில் அந்தக் குரல்காரர் மீது கோபம் வந்தது. முகத்தைக் காட்டாமல் எங்களைப் பார்த்துக்கொண்டிருக்கிறாரே என்று. பிறகு அந்தக் குளிர் நாட்டு வீட்டின் திரையில் நான் எப்படித் தெரிந்திருப்பேன் என்று நினைத்தேன். நானும் அவர்களுக்கு முகமில்லாத குரல்தான். ஓம், இல்லை என்று தலையாட்டுவதுதான் என் வேலை.

விசாரணை முடியும் வரை வேலைக்கு வர வேண்டாம் என்றார்கள். யாரோடும் இதைப் பற்றிக் கதைக்கவும் கூடாது.

யன்னல் துணியைக் கழற்றினேன். டீசல் மணமும் உப்பும் கலந்த காற்று உள்ளே வந்தது. விடுதலையாக இருக்கும் என்று நினைத்திருந்தேன், இருக்கவில்லை. மத்தியானம் ஆனதும் கால் தானாக அறைக்குள் போகும். அணைந்து கிடக்கும் லப்டொப்புக்கு முன்னால் அதே கதிரையில் இருப்பேன். ஏமாந்துவிட்டேனோ என்ற கேள்வியை விட்டு வெளியே வர முடியவில்லை. அந்த ஐயாவின் முகத்தைத் திரும்பத் திரும்ப மனதில் ஓட்டினேன். ஒரு நேரம் பாவமாகத் தெரியும். இன்னொரு நேரம் அதே முகம் நடிப்பாகத் தெரியும். மருந்துப் பெட்டிகளை அத்தனை ஒழுங்காகக் காட்டினாவே, அது கொஞ்சம் அதிகமில்லையா? எந்த ஊர் என்று ஏன் கேட்டா? கண்டிக்காரரிடமும் அம்மாவுக்குச் சுகமா என்றுதானே கேட்டார்கள்?

ஒரு நாள் தலை சீவும்போது, கண்ணாடியில் என் கை முகத்துக்குக் குறுக்கே போனதைக் கண்டு பொறி தட்டியது. கணினி செய்த பொய் முகத்துக்கு முன்னால் ஒரு கை குறுக்கே போனால், அந்த இடத்தில் படம் கலங்கும் என்று பயிற்சியில் சொல்லியிருந்தார்கள். அந்த அம்மா லேஞ்சியால் அவர் வாயைத் துடைத்தபோது முகம் கலங்கவே இல்லை. நான் ஓடிப்போய்ப் போனில் மேலதிகாரிக்கு ஈமெயில் எழுதினேன். பதில் இரண்டு நாள் கழித்து வந்தது. அதை அவர்களும் பார்த்துவிட்டார்களாம். முகம் உண்மையானதாக இருக்கலாம், ஆனால் கள்ளர்கள் உண்மையான நோயாளியைக் கூலிக்கு இருத்தியும் செய்வார்கள் என்று எழுதியிருந்தா. எனக்குத் திறந்த ஒரு கதவும் மூடிக்கொண்டது.

கணவருக்குச் சாப்பாடு கொண்டு பட்டறைக்குப் போனேன். தண்ணீர் நிரப்பிய பீப்பாய்க்குள் ஒரு எஞ்சினை ஓட விட்டுப் பார்த்துக்கொண்டிருந்தார். அதை நிறுத்தினார்.

"வேலைய விடும்," என்றார். "எனக்கு அண்டைக்கு அட்டைய நீட்டினது இன்னும் மனசுக்க குத்துது."

"விட்டிட்டு? ரியூஷனுக்கு இப்ப ஆர் வரப்போகினம்? பிள்ளைக்கு இன்னும் படிப்பு முடியேல்ல."

அவர் கையைத் துடைத்துவிட்டுச் சோற்றுப் பொதியைப் பிரித்தார். நான் பக்கத்திலிருந்த கவிழ்த்த படகில் இருந்தேன். தண்ணீருக்கு அந்தப் பக்கம் கடற்படைக் கப்பலொன்று நின்றது. எனக்கு விட ஆசையாகத்தான் இருந்தது. திரும்ப வேலைக்குப் போகவும் ஆசையாக இருந்தது. இப்போது நானாக விட்டுப் போனால் கள்ளி என்றே முடிவு கட்டிவிடுவார்கள், அது நடக்கக் கூடாது என்பதுதான் எல்லாவற்றிலும் பெரிதாக இருந்தது.

அழைப்பு வந்தபோது நான் நம்பிக்கையை விட்டிருந்தேன். திரையில் மேலதிகாரி மட்டும்தான் இருந்தா. விதியை மீறியதற்கு எச்சரிக்கைக் கடிதம், அதில் கையெழுத்து வைக்க வேண்டும். முகப் பரிசோதனை இனி எனக்கில்லை. எழுத்தில் வரும் முறைப்பாடுகளை மட்டும் பார்க்கலாம். கள்ளர்களோடு தொடர்பு எதுவும் இல்லை என்று முடிவாகியிருந்தது. எல்லாவற்றுக்கும் சரி என்றேன். அந்தத் தம்பதிக்கு என்ன ஆனது என்று கேட்டேன். அது எனக்குச் சொல்லக் கூடியதல்ல என்று ஆங்கிலத்தில் சொல்லி, விடைபெற்று, பதிவை நிறுத்தினா.

ஆனால் கோலை வெட்டவில்லை. கொஞ்சம் முன்னால் சாய்ந்து, தாழ்ந்த குரலில் சிங்களத்தில் கதைத்தா. இத்தனை வருடத்தில் எங்களுக்குள் சிங்களம் வந்ததே இல்லை.

"அந்த ஐயாவின் டொக்டர் கடிதம் வந்தது. ஆஸ்பத்திரியோடு கதைத்து உறுதி செய்துவிட்டார்கள். முகத்தைப் புதிதாகப் பதிந்தாயிற்று, கணக்கும் திறந்தாயிற்று. நான் உங்களுக்கு ஒன்றும் சொல்லவில்லை, சரியா?"

"சரி," என்றேன், எனக்குத் தெரிந்த அளவு சிங்களத்தில். நன்றி சொல்ல வாய் திறப்பதற்குள் திரை அணைந்துவிட்டது.

கணவர் வந்ததும் சொன்னேன். கைகழுவிக்கொண்டிருந்தவர் அப்படியே திரும்பினார். முகமெல்லாம் சிரிப்பு.

"அப்ப நீர் செய்தது சரிதானே. நான் அப்பவே நினைச்சனான்."

"சரியா வந்திட்டுது. நான் செய்தது சரியோ தெரியாது."

"என்ன கதை கதைக்கிறீர்? கள்ளரில்லையெண்டு தெரிஞ்சிட்டுதல்லோ?"

"இப்பதானே தெரிஞ்சது. அண்டைக்குத் தெரியாது. அவை கள்ளரா இருந்திருந்தாலும் நான் அப்படித்தான் கதைச்சிருப்பன்."

அவர் குழாயை மூடினார். சிரிப்பு மெல்ல அடங்கியது. கண்டிக்காரரைப் பற்றி நினைத்தாரோ என்னவோ, எனக்கு அவர் நினைப்புத்தான் வந்தது. அவரிடம் பேசியவன் மட்டும் நல்லவனாக இருந்திருந்தால், அவரும் இன்று ஒரு எச்சரிக்கைக் கடிதத்தோடு வேலைக்குத் திரும்பியிருப்பார்.

"அப்ப இன்னொரு முறை அப்படி ஆரும் வந்தா?" என்று கேட்டார்.

"வீடியோ எனக்கு இல்லையெண்டு சொல்லிட்டினம்."

"அதில்ல நான் கேட்டது."

தெரியும். ஈரக் கையைத் துடைக்க அவருக்குத் துவாயை எடுத்துக் கொடுத்தேன். அடுத்த நாள் மத்தியானம் துணியை எடுத்து யன்னலுக்கு மீண்டும் ஆணி அடித்தேன். ஒரு முனையைக் கணவர் பிடித்துத் தந்தார். அடித்து முடித்ததும் அவர் வெளியே போனார், நான் தாழ்ப்பாளைப் போட்டு, இழுத்துப் பார்த்துவிட்டு, சாவியில் விரலை வைத்தேன்.